இடது பின் ஸ்பீக்கர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பல் டாக்டர் போன் செய்தார். நான் கடையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"படத்துல மழை பெய்யுதுங்க," என்றார். "ஆனா இடது பக்கம் மட்டும்தான் பெய்யுது. என் மாமியார் அந்த ஓரத்துல உட்கார்றாங்க. நனைஞ்சு போயிட்டேன்கிறாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மாட்டி பத்து நாள்தான் ஆச்சு. முதல்ல என் காதுதான் சரியில்லையோன்னு நினைச்சேன். மாமியாரும் அதையே சொன்னப்புறம்தான் கூப்பிடுறேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்றது இதுதான் முதல் தடவை."

வயராக இருக்கும், மதியம் வந்து பார்க்கிறேன் என்றேன்.

அண்ணன் உள்ளறையில் வயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். சொன்னேன்.

"சோஃபாவை நகர்த்தியிருப்பாரு. நான் வெச்ச இடத்துல உட்காரச் சொல்லு. இவங்க எல்லாம் சோஃபா அவங்களோடதுன்னு நினைச்சுக்கிறாங்க."

"அவங்களோடதுதானேண்ணே."

"தூங்குறதுக்கு அவங்களோடது. கேக்குறதுக்கு என்னோடது."

பன்னிரண்டு வருடமாக இந்த ஹோம் தியேட்டர் கடை அண்ணன், தங்கை எங்கள் இருவருடையது. சுவரைத் துளைப்பது, வயர் இழுப்பது, ஸ்பீக்கரை மாட்டுவது என் வேலை. கடைசியில் சத்தத்தைச் சரிசெய்வது அண்ணன் வேலை. அதற்கென்று ஒரு மீட்டர் உண்டு. உள்ளங்கை அளவு. எந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் என்று எண்ணில் காட்டும். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ரிசீவர். அதோடு சின்ன மைக் ஒன்றும் வரும். அதைச் சோஃபாவில் வைத்தால் ரிசீவர் தானே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும். அண்ணன் இரண்டையும் தொடமாட்டார். காதால் கேட்டுத்தான் வைப்பார். அதற்காகவே எங்களைத் தேடி வந்தார்கள். கடைத்தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். என்னை அவர் மீட்டர் என்று கூப்பிடுவார்.

"ஏ மீட்டர்," என்றார் நான் கிளம்பும்போது. "அங்க போயி எதையும் நோண்டிடாதே. சோஃபாவை மட்டும் பாரு."

*

சோஃபா நகர்ந்திருக்கவில்லை. தரையில் நான் அடையாளத்துக்கு ஒட்டியிருந்த நாடாவின் மேலேயே அதன் கால்கள் இருந்தன.

பல் டாக்டரின் மாமியார் இடது ஓரத்தில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கதவருகே நின்றார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

"பெட்டி மேல அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"அஞ்சு ஸ்பீக்கர்ங்கம்மா. முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு. முன்னாடி நடுவுல இருக்கே, அதுலதான் பேச்சு வரும். யார் பேசினாலும் அநேகமா அதுலதான். ரெண்டு ஓரமும் பாட்டுக்கு, வண்டி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போறதுக்கு. பின்னாடி ரெண்டும் நம்மைச் சுத்தி இருக்கிற சத்தம். மழை, கூட்டம், எங்கேயோ கதவு சாத்துறது."

"சரி, அந்த ஒண்ணு?"

டிவிக்குப் பக்கத்தில் தரையில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். "அது. இடி, வெடி எல்லாம் அது பொறுப்பு. வேற எதுவும் பேசாது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றார். "வாயைத் திறக்கமாட்டாரு. திறந்தா ஜன்னல் ஆடும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டேப்பை எடுத்து அளந்தேன். பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் சோஃபாவின் நடுவிலிருந்து ஒரே தூரம். உட்கார்ந்தவரின் காதுக்குச் சற்று மேலே, பக்கவாட்டுக்குக் கொஞ்சம் பின்னால். நான் மாட்டியபடியே இருந்தன.

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் ஒன்றுதான். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஐந்தும் ஒரே அளவில் கேட்கவேண்டும். அருகில் இருப்பதைக் குறைக்கவேண்டும், தள்ளி இருப்பதைக் கூட்டவேண்டும். சரியாக வைத்துவிட்டால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. சத்தம் மட்டும் அதனதன் இடத்திலிருந்து வரும்.

ரிசீவரின் அமைப்புப் பக்கத்தை டிவியில் திறந்தேன். ஐந்து வரிகள்.

முன் வலது பூஜ்யம். நடு பூஜ்யம். பின் வலது பூஜ்யம். முன் இடது, கூட்டல் மூன்று. பின் இடது, கூட்டல் ஆறு.

ஆறு டெசிபல் என்பது கை தவறி வருகிற எண் அல்ல. அரை அரையாக ஏறும். பட்டனைப் பன்னிரண்டு முறை அழுத்தவேண்டும். அழுத்தியது நான்தான். அண்ணன் சோஃபாவில் உட்கார்ந்து "இன்னும், இன்னும், போதும்" என்று சொன்னார். நான் அழுத்தினேன். கடைசியில் அந்தப் பக்கத்தைப் போனில் படமும் எடுத்தேன். எண்ணைப் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

பையிலிருந்து மீட்டரை எடுத்து, சோஃபாவின் நடுவில், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் பிடித்தேன். இரண்டு வரிகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் ஐந்தும் ஒரே எண்ணைக் காட்டின. மழைக் காட்சியைப் போடச் சொன்னேன்.

"இப்பதான் எல்லார் மேலயும் பெய்யுது," என்றார் மாமியார்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் டாக்டர்.

"வயர் ஒரு இடத்துல லூசா இருந்துச்சு."

"நல்ல வேளை. நான் உங்க அண்ணனைத் தப்பா நினைக்கவே இல்லை. அன்னிக்கு அவர் கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரா கை காட்டினாரு பாருங்க. சரிபார்க்கிறதுக்குப் போடுற அந்த இரைச்சல் இங்க போகுது, அங்க போகுது, கை கூடவே போகுது. கடைசியில 'கண்ணைத் திறக்கலாமா'ன்னாரு. என் பையன் கை தட்டினான்."

"ஆமாங்க," என்றேன்.

*

வேனில் உட்கார்ந்து போனை எடுத்தேன். வேலை முடிந்ததும் அமைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் யாராவது ரிமோட்டை அழுத்தி எல்லாவற்றையும் கலைத்துவிட்டால், படத்தைப் பார்த்து பத்து நிமிடத்தில் மறுபடி வைத்துவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம்.

பின்னோக்கித் தள்ளினேன்.

பல் டாக்டருக்கு முன்பு கல்லூரி முதல்வர் வீடு. பின் இடது, கூட்டல் ஐந்து. அதற்கு முன்பு மருந்துக்கடைக்காரர். கூட்டல் ஐந்து. கட்டட ஒப்பந்தக்காரர், நாலரை. போன வருடக் கடைசியில் மூன்று. போன வருட நடுவில் இரண்டு. அதற்கும் முன்னால் ஒன்று, அரை, ஒன்று. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் போனதும் பூஜ்யம். அங்கிருந்து பின்னால் எத்தனை வீடு போனாலும் பூஜ்யம்தான், அல்லது அறை கோணலாக இருந்தால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று.

எல்லா அறையும் வேறு வேறு அறை. எல்லா ரிசீவரும் வேறு வேறு ரிசீவர். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது சோஃபாவில் உட்கார்ந்த ஆள்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். "உங்க இஷ்டத்துக்கு மாத்துங்க, நான் சொல்றேன்" என்பார். ஒருமுறைகூட தப்பியதில்லை. கொஞ்ச காலமாக ரிமோட் என் கையில். நான் தானியங்கியில் விட்டுவிடுவேன். அதில் இரைச்சல் எப்போதும் ஒரே வரிசையில்தான் சுற்றும். முன் இடது, நடு, முன் வலது, பின் வலது, பின் இடது. ஒவ்வொன்றும் இரண்டு நொடி. எண்ணத் தெரிந்தால் போதும், கேட்கவேண்டியதில்லை.

ரிமோட் என் கைக்கு எப்போது வந்தது என்று யோசித்தேன். ஏறக்குறைய ஒரு வருடம்.

வேனை விட்டு இறங்கி மறுபடி மாடி ஏறினேன். டேப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன். டேப் என் கையிலேயே இருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். ஒரு காது மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகுது. வலி எதுவும் இல்லை."

"நான் பல்லுங்க," என்றார். பிறகு, "எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒன்றரை வருஷம்."

"வயசு?"

"நாப்பத்தாறு."

அவர் டிவியைப் பார்த்தார். அமைப்புப் பக்கம் இன்னும் திறந்தபடி இருந்தது. ஐந்து பூஜ்யங்கள்.

"ரெண்டு காதும் சேர்ந்து குறைஞ்சா வயசு. ஒண்ணு மட்டும், அதுவும் நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போனா, உள்ளே ஏதாவது வளருதான்னு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். இல்லாமலும் இருக்கலாம். ஆனா பார்க்கணும். நாள் கடத்தக்கூடாது." குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் திசை தெரியாது, இல்லையா? சத்தம் கேக்கும். எங்கேயிருந்துன்னு தெரியாது. அதுக்கு ரெண்டு காதும் வேணும்."

"தெரியலைங்க," என்றேன்.

"காதுக்குப் பார்க்கிறவர் ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர். நம்பர் அனுப்புறேன். உங்களுக்குத் தெரிஞ்சவருக்குக் கொடுங்க."

*

புதன்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கடையில் இருக்கும் நேரம். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க நாத்தனாரே. உங்க அண்ணன் ஏதாவது சொல்லி அனுப்பினாரா, இல்லை நீங்களா வந்தீங்களா?"

"சும்மாதான் அண்ணி."

"சும்மா வர்ற ஆளா நீ? அந்தத் தலையணை உறையைப் பிடி."

பிடித்தேன். இரண்டு முனைகளையும் சேர்த்தோம்.

"அண்ணன் எப்படி இருக்காரு அண்ணி?"

"என்னைக் கேக்குறியா? நாள் பூரா உன்கூடத்தானே இருக்காரு." மடித்ததை அடுக்கினார். "எங்கிட்ட ஏதோ கோவம். என்னன்னு தெரியலை. அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டா பதிலே இல்லை. எதிர்ல போய் நின்னா, ஒண்ணும் நடக்காத மாதிரி, 'என்னம்மா'ங்கிறாரு. எல்லா ஆம்பளையும் அப்படித்தான்னு எங்க அக்கா சொல்றா. இவரு அப்படி இருந்ததில்லையே."

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துலேர்ந்து. அப்பதான் கட்டில்ல படுக்கிற பக்கத்தையும் மாத்திக்கிட்டாரு. கல்யாணமானதுலேர்ந்து சுவரோரம் அவரு, இந்த ஓரம் நான். திடீர்னு ஒரு நாள் 'நீ அந்தப் பக்கம் போ'ன்னாரு. என் குறட்டை தாங்கலையாம்." சிரிக்கப் பார்த்தார். "நான் குறட்டை விடுறேனாடி?"

"இல்லை அண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கட்டிலை நினைத்துப் பார்த்தேன். இப்போது அவருக்கு வலது பக்கம் அண்ணி. முன்பு அண்ணி இருந்த இடது பக்கம் யாரும் இல்லை. அவர் குறட்டைக்காக மாறவில்லை. அண்ணி பேசுவது கேட்பதற்காக மாறியிருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அண்ணி அழுவார், ராத்திரிக்குள் அண்ணனுக்குத் தெரிந்துவிடும், அவர் கடைக்கு வந்து என்னைப் பார்ப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவருடைய காதை நான் சந்தேகப்பட்டதில்லை. அவர் கண்ணை மூடியிருக்கும்போது என் கையிலிருந்த மீட்டரைக்கூடப் பைக்குள் வைத்துவிடுவேன்.

"கோவம் இல்லை அண்ணி," என்றேன். "அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அப்ப வேற என்ன?"

துணியை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வேனில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் நின்றோம். "அண்ணே, ஒரு டாக்டரைப் பார்த்துடலாம்ணே," என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் எதிரே இருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்ததும் எடுத்தார். கேட்கவில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். சொல்லியாயிற்று என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அன்று முழுவதும் வெட்கமாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை ஒரு வக்கீலம்மா வீடு. ஆறாவது மாடி. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி, சுண்ணாம்பு வாசம் போகவில்லை. தரை வெறும் கல். கை தட்டினால் திரும்ப வந்தது. கம்பளமும் கனமான திரையும் போடவேண்டும் என்று சொல்லி, போட்டும் இருந்தார்கள். மதியத்துக்குள் ஐந்தையும் மாட்டிவிட்டேன்.

ரிசீவர் பெட்டியிலிருந்து மைக்கை எடுத்துச் சோஃபாவின் மேல் வைத்தேன். அண்ணன் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே. இந்த ரூம் கொஞ்சம் எதிரொலிக்குது."

"பன்னெண்டு வருஷம் இல்லாத மைக்கு." அதை எடுத்து வயரைச் சுருட்டினார். நிதானமாகச் சுருட்டினார். "சேவல் கூவுதா, அலாரம் அடிக்குதான்னு அதுக்குத் தெரியுமா? எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். உட்காரு, ரிமோட்டை எடு."

நடுவில் உட்கார்ந்தார். நான் நின்றேன். இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்ற ஆரம்பித்தது. குழாயடியில் தண்ணீர் விழுவதுபோல ஒரே சீரான சத்தம். முன் வலதை அளவாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொன்னார். நடு சரி. பின் வலது சரி. முன் இடது கொஞ்சம். அப்புறம் பின் இடது.

"இன்னும்."

அழுத்தினேன்.

"இன்னும். இன்னும் கொஞ்சம்."

கூட்டல் நான்கு. கூட்டல் ஐந்து. சோஃபாவுக்குப் பின்னால் அந்த ஸ்பீக்கர் கத்தியது.

"இன்னும்."

ஆறு. ஆறரை.

"இன்னும் ஒண்ணு. போதும்."

"ஏழுண்ணே," என்றேன். அதுவரை நான் எண்ணைச் சொன்னதே இல்லை.

அவர் திரும்பவில்லை. "எண்ணைப் பார்க்காதே மீட்டர்," என்றார். "சத்தத்தைக் கேளு."

வக்கீலம்மா உள்ளே வந்தார். கையில் இரண்டு டம்ளர் தண்ணீர். "முடிஞ்சுதா? எனக்கு அந்தக் கண் மூடுறதைக் காட்டுங்க. காலேஜ் முதல்வர் வீட்டுல பார்த்தவங்க சொன்னாங்க. பொய்னு சொல்லி நான் பந்தயம் கட்டியிருக்கேன்."

"தோத்துடுவீங்க மேடம்," என்றார் அண்ணன்.

கண்ணை மூடினார். நான் தானியங்கியில் விட்டேன். கை முன் இடதுக்குப் போனது. நடு. முன் வலது. பின் வலது. பின் இடது. ஒவ்வொன்றிலும் கை போய் நின்ற பிறகுதான் சத்தம் அங்கே வந்ததுபோல இருந்தது. அவருடைய வலது கால் கட்டைவிரல் கம்பளத்தில் அசைவதைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

"கண்ணைத் திறக்கலாமா?"

"திறங்க, திறங்க," என்று சிரித்தார் வக்கீலம்மா. "ஆனா இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இல்லை? எனக்குத்தான் அப்படி இருக்கோ?"

"படம் ஓடும்போது சரியாயிடும் மேடம்," என்றார் அண்ணன்.

வக்கீலம்மாவின் போன் அடித்தது. கோர்ட்டிலிருந்து என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறையில் நாங்கள் இருவர். அண்ணன் தண்ணீரைக் குடித்தார். டம்ளரை வலது கையால் வைத்தார். நான் அவருக்கு இடது பக்கம் இருந்தேன். சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றேன்.

"அண்ணே, இன்னொரு தடவை."

"எதுக்கு?"

"எனக்காக."

"உனக்கு என்ன புதுசா? டிக்கெட் எடுத்தியா?" என்றார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரிமோட் உன் கையிலதானே?"

"என் கையிலதான்."

கண்ணை மூடினார். சோஃபாவில் நேராக உட்கார்ந்தார்.

ரிமோட்டைக் கைமுறைக்கு மாற்றினேன். ஐந்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். முன் இடதை அழுத்தினேன். கை போனது. இரண்டு நொடி. நடு. கை போனது. முன் வலது. பின் வலது. எல்லாம் சரி.

மறுபடியும் பின் வலதையே அழுத்தினேன்.

அதே ஸ்பீக்கர், அதே இரைச்சல். அண்ணனின் கை மெதுவாக எழுந்து, இடது பக்கம் திரும்பி, சத்தமே இல்லாத பின் இடது ஸ்பீக்கரைக் காட்டி நின்றது. நேராக, கொஞ்சமும் நடுங்காமல்.

இரைச்சலை நிறுத்தினேன். உள்ளே கதவுக்குப் பின்னால் வக்கீலம்மா யாரிடமோ தேதி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனின் கால் விரல் இரண்டு வரை எண்ணி நின்றது. கை இன்னும் இறங்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

பல் டாக்டர் அனுப்பிய நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது.

"மீட்டர்," என்றார், கண்ணை மூடியபடியே. "கண்ணைத் திறக்கலாமா?"